எலி சொன்ன சேதி

கொள்ளைநோய் என்று வந்துவிட்டால் ஜனநாயகமும் சட்டசபையும் பத்திரிகைக் கூச்சலும் உதவ மாட்டா என்று சொல்லுகிறவர்கள் நம்மிடையே எப்போதும் உண்டு. ஒரே தலை, ஒரே உத்தரவு, அதை நிறைவேற்ற ஒரு படை. இவை இருந்தால் போதும், நோய் நாலு நாளில் ஊரை விட்டு ஓடிப் போகும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. 2020-ம் வருஷத்தில் கொரோனா ஜுரம் உலகமெங்கும் பரவிய சமயத்தில் இந்தப் பேச்சை நாம் அடிக்கடி கேட்டோம். "நிபுணர்கள் சொல்ல வேண்டியது, சர்க்கார் உத்தரவு போட வேண்டியது, ஜனங்கள் கீழ்ப்படிய வேண்டியது, நடுவில் கேள்வி எதற்கு?" என்று நன்றாகப் படித்தவர்களே கேட்டார்கள்.

இந்த வாதத்தைச் சோதித்துப் பார்க்க நாம் கப்பல் ஏற வேண்டியதில்லை. அவர்கள் விரும்புகிற மாதிரியான சர்க்கார் ஒன்று நம் தேசத்திலேயே இருந்தது. அதற்கு லண்டனில் ஒரு மந்திரி, கல்கத்தாவில் ஒரு வைசிராய். சட்டம் செய்யும் கவுன்ஸிலில் உத்தியோகஸ்தர்களுக்கே பெரும்பான்மை. தேர்தலில் தோற்றுவிடுவோமோ என்ற கவலை அதற்குக் கிடையாது. படைக்கும் குறைவில்லை, நிபுணர்களுக்கும் குறைவில்லை. அந்த சர்க்காரின் காலத்தில்தான், 1896-ம் வருஷத்தில், பம்பாய்க்குப் பிளேக் வந்தது.

பம்பாய்த் துறைமுகத்தை ஒட்டினாற்போல் மாண்டவி என்று ஒரு பேட்டை. தானியக் கிடங்குகள் நிறைந்த இடம். தானியம் இருக்கும் இடத்தில் எலிக்குப் பஞ்சமில்லை. அங்கே வைத்தியம் செய்து வந்த அகாசியோ வியேகாஸ் என்ற கோவா டாக்டர், கடுமையான ஜுரத்தோடு தொடை இடுக்கிலும் அக்குளிலும் நெறி கட்டி மனிதர்கள் சாவதைக் கண்டார். இது பிளேக்தான் என்று செப்டம்பர் 23-ந் தேதி முனிசிபாலிடியின் ஸ்டாண்டிங் கமிட்டியில் எழுந்து சொன்னார். அவர் அந்தக் கமிட்டியில் ஓர் அங்கத்தினர். பம்பாய் முனிசிபல் கார்ப்பரேஷனில் பாதி ஸ்தானங்கள் வரி கொடுப்போரால் தேர்தல் மூலம் நிரப்பப்பட்டவை. அந்த நகரத்தில் ஜனங்களின் வாக்குக்கு அரைகுறையாகவேனும் இடமிருந்த சபை அது ஒன்றுதான். பிளேக்குக்குப் பிளேக் என்று முதன்முதல் பெயர் சொல்லப்பட்டதும் அங்கேதான் என்பதை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அதிகாரிகளுக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. நெறிக்கட்டு ஜுரம் என்று ஏதாவது சொல்லிக்கொண்டு இருக்கலாமே என்று பார்த்தார்கள். பம்பாய் பஞ்சு வியாபாரத்தின் தலைவாசல். பிளேக் என்ற வார்த்தை வெளியே போனால் ஐரோப்பியத் துறைமுகங்கள் பம்பாய்க் கப்பலைக் கிட்டே சேர்க்க மாட்டா. நோயைக் காட்டிலும் நோயின் பெயர்தான் பெரிய ஆபத்தாக அவர்களுக்குத் தோன்றிற்று. ஆனால் சில வாரங்களில் கிருமியைப் பூதக்கண்ணாடியில் பார்த்து நிச்சயம் செய்தாகிவிட்டது. 1894-ல் ஹாங்காங்கில் யெர்சின், கிடசாடோ என்ற இரண்டு ஆராய்ச்சிக்காரர்கள் கண்டுபிடித்த அதே கிருமி.

மறைக்க முடியாது என்று தெரிந்ததும் சர்க்கார் மறுகோடிக்குப் பாய்ந்தது. அக்டோபர் மாதத்தில் முனிசிபல் கமிஷனர் ஒரு விளம்பரம் வெளியிட்டார். நோயாளி என்று சந்தேகப்பட்ட யாரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம். எந்த வீட்டையும் சோதிக்கலாம். அந்தக் காலத்து ஜனங்களுக்கு ஆஸ்பத்திரி என்றால் சாகப் போகிற இடம். அங்கே ஜாதி ஆசாரம் கெடும். உற்றார் முகம் பார்க்க முடியாது. அதே மாதத்தில் மில் தொழிலாளர்கள் திரண்டு போய் ஆர்தர் ரோடு ஆஸ்பத்திரியைத் தாக்கினார்கள். மற்றவர்கள் மூட்டை கட்டினார்கள். 1897 பிப்ரவரிக்குள் நகரத்தின் ஜனங்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் ரயிலிலும் படகிலும் கால்நடையாகவும் வெளியேறிவிட்டார்கள். வியாதியும் அவர்களில் சிலரோடு கூடவே போயிற்று.

இதற்குள் ஐரோப்பாவில் பீதி. அங்குள்ள ராஜாங்கங்கள் வெனிஸ் நகரத்தில் கூடி, இந்தியா என்ன செய்யப் போகிறது என்று கேட்கத் தயாராயின. கேள்வி கேட்கும் சக்தி பம்பாய் ஜனங்களுக்கு இல்லை. பிரான்ஸுக்கும் ஆஸ்திரியாவுக்கும் இருந்தது. ஆகவே கல்கத்தாவில் வெகு வேகமாக வேலை நடந்தது. ஜனவரி 28-ந் தேதி கவுன்ஸிலில் ஒரு மசோதா வந்தது. பிப்ரவரி 4-ந் தேதி சட்டமாகிவிட்டது. ஒரே வாரம்! 1897-ம் வருஷத்து 3-வது சட்டம் என்று அதற்குப் பெயர்.

நாலே பிரிவுகள் கொண்ட சின்னச் சட்டம் அது. சட்டத்தின் பெயரும் எல்லையும் முதல் பிரிவு. நோயைத் தடுக்கத் தேவை என்று சர்க்காருக்குத் தோன்றும் எந்த ஏற்பாட்டையும் செய்யலாம் என்பது இரண்டாவது. மீறினால் தண்டனை என்பது மூன்றாவது. இச்சட்டப்படி நல்லெண்ணத்தோடு காரியம் செய்த எவர் மேலும் வழக்குத் தொடர முடியாது என்பது நாலாவது. எந்த நிபுணரை எப்படிக் கலந்துகொள்ள வேண்டும், எடுத்த நடவடிக்கை பயன் தந்ததா என்று யார் பார்க்க வேண்டும், வீடு இழந்தவன் எங்கே முறையிட வேண்டும் என்பதற்கெல்லாம் சட்டத்தில் இடம் வைக்கவில்லை.

நிபுணர்களின் யோசனை என்னவாக இருந்தது என்று கேட்கலாம். அசுத்தத்தில் நோய் விளைகிறது. மனிதன் உடம்பிலிருந்தும் துணிமணிகளிலிருந்தும் அடுத்த மனிதனுக்குத் தாவுகிறது என்பதே அன்று பெரும்பாலான சர்க்கார் வைத்தியர்களின் கொள்கை. ஆகவே மனிதனைப் பிடி, துணியைக் கொளுத்து, வீட்டைக் கழுவு என்று ஆயிற்று. ரயில்வே ஸ்டேஷன்களில் பிரயாணிகளை நிறுத்தி அக்குளையும் தொடை இடுக்கையும் தடவிப் பார்த்தார்கள், ஸ்திரீகளுக்கும் விலக்கில்லை. நம் சென்னை ராஜதானியில்கூட, பிளேக் உள்ள ஊர்களிலிருந்து வருகிறவர்களுக்கு 'பாஸ்போர்ட்' கொடுத்து, போன இடத்தில் தினந்தோறும் ஆஜராகச் சொன்னார்கள்.

இப்போது நமக்குத் தெரிந்த உண்மை வேறு. பிளேக் முதலில் எலியின் வியாதி. எலியின் ரத்தத்தைக் குடிக்கும் தெள்ளுப்பூச்சிக்குள் கிருமி போகிறது. எலி செத்து உடம்பு ஆறியதும் தெள்ளுப்பூச்சி அதை விட்டு வேறு எலியைத் தேடுகிறது. எலி கிடைக்காதபோது மனிதனைக் கடிக்கிறது. நெறி கட்டிய நோயாளி, நுரையீரலுக்கு நோய் ஏறாத வரையில், பக்கத்தில் இருப்பவருக்கு அதைக் கொடுப்பது அரிது. அப்படியானால், நெறி கட்டிய குழந்தையைத் தாயின் மடியிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனார்களே, அதனால் யாரைக் காப்பாற்றினார்கள்? பெரும்பாலான வீடுகளில் ஒருவரையும் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். குழந்தை தனியே செத்தது; எலி வளை வீட்டிலேயே இருந்தது. சாக்கடையையும் தரையையும் மருந்து நீர் விட்டு அலசியதில் எலிகள் கலைந்து அடுத்த தெருவுக்குக் குடிபோயின என்பதும் பின்னால் ஆராய்ந்தவர்களின் அபிப்பிராயம்.

புனாவில் நடந்ததைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 1897 பிப்ரவரியில் அங்கே பிளேக் வேலைக்கு ராண்டு என்ற ஐ.சி.எஸ். உத்தியோகஸ்தர் நியமிக்கப்பட்டார். அவர் வைத்தியர் அல்ல. வீடு வீடாகச் சோதிக்க அவர் வெள்ளைக்கார சோல்ஜர்களை அமர்த்தினார். மார்ச் நடுவிலிருந்து மே வரையில் சோதனை நடந்தது. பூட்ஸ் காலோடு சமையலறையிலும் பூஜையறையிலும் நுழைந்தார்கள். பெண்டுகளைத் தெருவில் நிறுத்திப் பார்த்தார்கள். சாமான்களை வெளியே போட்டுக் கொளுத்தினார்கள், தரையைத் தோண்டினார்கள். நோயாளியை ஆஸ்பத்திரிக்கும், அவன் வீட்டாரை வேறு முகாமுக்கும் அனுப்பினார்கள். மனுக்கள் போயின, பதில் வரவில்லை.

புனா ஜனங்கள் வைத்தியத்தையே வெறுத்தார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. திலகர் ஊரை விட்டுப் போகாமல் அங்கேயே இருந்து ஹிந்துக்களுக்காக ஒரு பிளேக் ஆஸ்பத்திரி ஏற்படுத்தினார். ஜோதிபா பூலேயின் மனைவி சாவித்திரிபாயும், டாக்டராயிருந்த வளர்ப்புப் பிள்ளையும் நோயாளிகளைத் தாங்களே கவனித்தார்கள். அந்தச் சேவையிலேயே அம்மையாருக்கும் நோய் தொற்றி, 1897 மார்ச் 10-ந் தேதி உயிர் துறந்தார். இவர்களைக் கூப்பிட்டு யோசனை கேட்டிருக்கலாம். பம்பாயில் பிளேக் கமிட்டிக்குத் தலைவராக வந்த காடேகர் ஒரு ராணுவ ஜெனரல்தான். ஆனாலும் அந்தந்தச் சமூகத்துப் பெரியவர்களைக் கூட்டி வைத்துப் பேசினார். ஜாதிவாரியாகத் தனி ஆஸ்பத்திரிகள் நடத்திக்கொள்ள அனுமதித்தார். சட்டம் ஒன்றே, வைத்தியக் கொள்கையும் ஒன்றே. ஒரு ஊரில் ஜனங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார்கள். மற்றோர் ஊரில் துப்பாக்கி வெடித்தது. எல்லாம் ஒரு மனிதருடைய சுபாவத்தைப் பொறுத்ததாய்ப் போயிற்று. ஒரே தலையை நம்புகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

அப்போது கோபால கிருஷ்ண கோகலே இங்கிலாந்தில் இருந்தார். சோல்ஜர்கள் இரண்டு ஸ்திரீகளை மானபங்கம் செய்ததாகவும் ஒருத்தி தற்கொலை செய்துகொண்டதாகவும் புனாவிலிருந்து நண்பர்கள் எழுதியதை நம்பி, அதை அங்கே ஒரு பத்திரிகையில் வெளியிட்டார். பார்லிமெண்டில் கேள்வி எழுந்தது. சர்க்கார் ஆதாரம் கேட்டது. கோகலே ஜூலை மாதக் கடைசியில் தாயகம் திரும்பி ஆதாரம் தேடினார். சேதி எழுதியவர்கள் பெயர் கொடுக்கப் பயந்தார்கள். அதற்குள் ஜூன் 22-ந் தேதி இரவு, விக்டோரியா ராணியின் வைரவிழா விருந்திலிருந்து திரும்பிய ராண்டும் லெப்டினண்ட் அயர்ஸ்டும் சுடப்பட்டிருந்தார்கள். அந்தச் சமயத்தில் யார் சாட்சி சொல்ல முன்வருவார்கள்? கோகலே பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். அவருக்கு அது ஆறாத புண்ணாயிற்று. அந்தச் சேதி உண்மையா பொய்யா என்று விசாரித்துத் தீர்மானிக்க வழியே இல்லாமல் போயிற்று என்பதுதான் நம் கண்ணுக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. பயந்த ஊரில் உண்மையும் வாய் திறக்காது, வதந்தியும் வாய் மூடாது.

பிறகு நடந்தவை சரித்திரப் புத்தகங்களில் உள்ளன. அயர்ஸ்ட் அங்கேயே மாண்டார். ராண்டு ஜூலை 3-ந் தேதி மாண்டார். தாமோதர் சாபேகர் 1898 ஏப்ரலில் தூக்கிலிடப்பட்டார். அவருடைய சகோதரர்களும் பின்னால் அதே கதி அடைந்தார்கள். நாட்டு சகோதரர்கள் இருவரை விசாரணையே இல்லாமல் அடைத்து வைத்தார்கள். 'கேசரி'யில் எழுதியதற்காகத் திலகருக்கு ராஜத்துரோகக் குற்றம் சாட்டி 18 மாதக் கடுங்காவல் விதித்தார்கள். பிளேக் புனாவை விட்டுப் போகவில்லை. அதே வருஷக் கடைசியில் முன்னிலும் உக்கிரமாகத் திரும்பி வந்தது.

நல்ல நிபுணர்களே இல்லையா என்றால், இருந்தார்கள். இரண்டு பேருடைய கதையைச் சொல்லுவோம்.

ஒருவர் ஹாஃப்கின். ருஷியாவில் ஒடெஸ்ஸா நகரத்தில் பிறந்த யூதர். பாரிஸில் பாஸ்டர் ஸ்தாபனத்தில் வேலை செய்தவர். 1896 அக்டோபரில் பம்பாய்க்கு வந்து, கிராண்ட் மெடிகல் காலேஜில் ஒரு சின்ன அறையில் பிளேக்குக்குத் தடுப்பு ஊசி மருந்து தயாரித்தார். 1897 ஜனவரி 10-ந் தேதி முதல் ஊசியைத் தமக்கே போட்டுக்கொண்டார். அப்புறம் பைகுல்லா ஜெயிலில் நோய் தோன்றியபோது, சம்மதித்த கைதிகளுக்குப் போட்டு, போடாதவர்களோடு ஒப்பிட்டுக் கணக்கு எடுத்தார். போட்டுக்கொண்டவர்களிடையே நோய் வெகுவாகக் குறைந்திருந்தது. இளைஞராயிருந்த ஆகாகான், ஜனங்கள் பார்க்கத் தாமே ஊசி போட்டுக்கொண்டார். அதைப் பார்த்துக் கோஜா சமூகத்தார் ஆயிரக்கணக்கில் போட்டுக்கொண்டார்கள். சோல்ஜர் யாரும் தேவைப்படவில்லை.

1902 அக்டோபரில் பஞ்சாபில் மல்கோவால் என்ற கிராமத்தில் 107 பேருக்கு ஊசி போட்டார்கள். ஒரு புட்டி மருந்திலிருந்து போட்டுக்கொண்ட 19 பேர் ரணஜன்னி கண்டு இறந்தார்கள். புட்டியைத் திறந்தவர் கையிலிருந்த இடுக்கி மண்ணில் விழுந்ததையும், அதைச் சரியாகச் சுத்தி செய்யாமல் உபயோகித்ததையும் பற்றிச் சாட்சியம் இருந்தது. விசாரணைக் கமிஷனோ பம்பாய் ஆராய்ச்சிசாலையின் தலையில் பழியைப் போட்டது. ஹாஃப்கினை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். 1904-ல் அவர் இந்தியாவை விட்டுப் போனார். 1907-ல் ரொனால்டு ராஸ் முதலிய பிரபல ஸயன்ஸ்காரர்கள் லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகையில் எழுதிக் கண்டித்த பிறகுதான் அவர் நிரபராதி என்று சர்க்கார் ஒப்புக்கொண்டது. நடுவே ஐந்து வருஷம் போய்விட்டது. அந்த 1907-ம் வருஷத்தில் மட்டும் இந்தியாவில் 10 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் பிளேக்கில் மாண்டார்கள். சிப்பாயின் மேல் வழக்குத் தொடர முடியாதபடி நாலாவது பிரிவு காத்தது. ஊசி கண்டுபிடித்தவரைக் காக்க ஒரு பிரிவும் இல்லை!

மற்றொருவர் பால் லூயி சிமோந் என்ற பிரெஞ்சு டாக்டர். அவர் 1898 ஜூன் மாதத்தில் கராச்சியில் ஒரு ஹோட்டலில் தங்கியிருந்தபோது ஒரு சோதனை செய்தார். கண்ணாடி ஜாடியில் தெள்ளுப்பூச்சியோடு ஒரு பிளேக் எலி. அதே ஜாடிக்குள், அதைத் தொட முடியாதபடி சின்னக் கூண்டில் ஓர் ஆரோக்கியமான எலி. முதல் எலி செத்ததும் பூச்சிகள் கூண்டுக்குள் தாவின. சில நாளில் இரண்டாவது எலியும் பிளேக் கண்டு செத்தது. அதற்கு வேறு எப்படி நோய் வந்திருக்க முடியும்? அந்த வருஷமே தம் முடிவை அச்சிட்டார். ஆனால் அதே சமயத்தில் சர்க்கார் நியமித்த பெரிய பிளேக் கமிஷன், தேசமெங்கும் சுற்றிச் சாட்சியம் எடுத்துப் பல வால்யூம்கள் எழுதியும், அவருடைய கொள்கையை ஏற்கவில்லை. 1905-ல் ஏற்பட்ட புதிய கமிஷன் அதே சோதனைகளைப் பெரிய அளவில் செய்து பார்த்த பிறகுதான் தெள்ளுப்பூச்சிக்கு உத்தியோக அங்கீகாரம் கிடைத்தது.

அங்கீகாரம் இல்லாமலே விஷயம் தெரிந்தவர்கள் இருந்தார்கள். இமயமலைச் சாரலில் கடுவால், குமாவூன் பிரதேசங்களில் பிளேக்குக்கு மகாமாரி என்று பெயர். வீட்டில் எலி விழுந்து சாகக் கண்டால் கிராமத்தார் உடனே ஊரைக் காலி செய்து காட்டில் குடிசை போட்டுத் தங்குவார்கள். தெள்ளுப்பூச்சியைப் பற்றி அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. கிருமியைப் பற்றியும் தெரியாது. எலி சொன்ன சேதியை மட்டும் கேட்டார்கள். தங்கள் உயிரைக் காத்துக்கொண்டார்கள். பின்னால் நிபுணர்களே, எலி செத்த வீட்டைக் காலி செய்து வெட்டவெளிக்குப் போவதுதான் சிறந்த வழி என்று எழுதினார்கள். ஆனால் 1897-ல் ஊரை விட்டு வெளியேறுகிறவனைத்தான் சர்க்கார் ஸ்டேஷனில் மறித்து நிறுத்திக்கொண்டிருந்தது.

சர்க்கார் கடைசியில் கொள்கையை மாற்றிக்கொண்டது, உண்மைதான். 1898 மார்ச் 9-ந் தேதி பம்பாயில் மதன்புரா நெசவாளர் ஒருவருடைய பெண் குழந்தையைக் கொண்டுபோகச் சோதனைக்காரர்கள் வந்தபோது பெரும் கலகம் மூண்டது, போலீஸார் சுட்டார்கள். 1900-ல் கான்பூரில் பிளேக் முகாமை ஜனங்கள் தாக்கினார்கள். இவற்றின் பிறகு கட்டாயச் சோதனையும் கட்டாய ஆஸ்பத்திரியும் படிப்படியாகக் கைவிடப்பட்டன. பத்திரிகைகளும் மனுக்களும் சொன்னதைக் கற்களும் தீயும் சொன்ன பிறகே சர்க்கார் காதில் வாங்கிக்கொண்டது. வேறு எந்த வாசலை அது திறந்து வைத்திருந்தது?

ஓட்டுப் பெற்று வந்த சர்க்கார் எல்லாம் நிபுணர் சொல்லைக் கேட்கும் என்று நாம் சொல்ல வரவில்லை. 1900-ல் அமெரிக்காவில் ஸான்பிரான்ஸிஸ்கோ நகரத்துக்கு அதே பிளேக் வந்தது. கலிபோர்னியாவின் கவர்னர் கேஜ், ஜனங்கள் தேர்ந்தெடுத்தவர்தான். பிளேக்கே இல்லை என்று அவர் சாதித்தார். பழ வியாபாரம் கெட்டுவிடுமே! நோயைக் கண்டு சொன்ன கின்யூன் என்ற டாக்டரைப் பொய்யர் என்று தூற்றி, ஊரை விட்டே மாற்றச் செய்தார்கள். பம்பாய் அதிகாரிகளுக்கும் கேஜுக்கும் புத்தியில் அதிக வித்தியாசம் இல்லை. ஆனால் 1902-ல் கேஜை மறுபடி நிறுத்த அவருடைய கட்சியே மறுத்துவிட்டது. அடுத்த தேர்தலில் ஜெயித்து 1903 ஜனவரியில் கவர்னராக வந்த பார்டீ என்பவர் ஒரு டாக்டர். அவர் நோயை ஒப்புக்கொண்டு எலி ஒழிப்பில் இறங்கினார். பம்பாய் கவர்னர் ஸாண்ட்ஹர்ஸ்ட் பிரபு தம் ஐந்து வருஷத்தை முடித்துக்கொண்டு 1900-ல் மரியாதையாகக் கப்பல் ஏறினார்.

கணக்கு வேண்டுமானால், 1896 முதல் சுமார் 25 வருஷத்தில் இந்தியாவில் பிளேக்கில் மாண்டவர்கள் ஒரு கோடிக்கு மேல். நம் கோயமுத்தூரிலே பிளேக் மாரியம்மன் என்ற பெயரோடு அம்மனுக்குக் கோயில் இருக்கிறது. பம்பாயில் ஹாஃப்கின் வேலை செய்த ஆராய்ச்சிசாலைக்கு 1925-ல் அவர் பெயரையே வைத்தார்கள்.

அந்த நாலு பிரிவுச் சட்டமும் வெள்ளைக்காரனோடு கப்பல் ஏறிப் போகவில்லை. 2020 மார்ச் மாதத்தில் நம் சுதந்திர தேசத்தின் மாகாண சர்க்கார்கள் கொரோனாவுக்காக அதைத்தான் தேடி எடுத்துப் பிரயோகித்தன. ஏப்ரலில் அவசரச் சட்டம் மூலம் அதைத் திருத்தியபோது, டாக்டர்களையும் நர்ஸுகளையும் தாக்குவோருக்குக் கடுந்தண்டனை சேர்த்தார்கள். அது அவசியமான காரியமே. 1897-ல் எழுதிய நாலாவது பிரிவை யாரும் தொடவில்லை. நிபுணர்களின் யோசனையை எழுத்தில் வாங்கி ஜனங்களுக்கு வெளியிட வேண்டும் என்று ஐந்தாவது பிரிவு ஒன்று போட அப்போது சந்தர்ப்பம் இருந்தது. பார்லிமெண்டில் அது விவாதத்துக்கு வந்தபோது, நம் பிரதிநிதிகளில் எத்தனை பேர் அப்படி ஒரு பிரிவைக் கேட்டார்கள் என்று நேயர்கள் தங்கள் தொகுதி அங்கத்தினருக்கு ஒரு கார்டு போட்டு விசாரிக்கலாம்.